ஏரிக்கரைச் சரிவில் பிடிக்காத பிரேக்

கெங்கவல்லி, 12.8.1984

அன்புள்ள மாமாவுக்கு வசந்தாமணி எழுதுவது. எடப்பாடியில் நீங்களும் நம் பாப்பாவும் சுகந்தானே? பாப்பாவுக்குச் சளி குறைந்ததா?

ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போக, நேற்று ஒரு பழைய காரை ஓட்டிப் பார்த்தேன். புதுப் பெயிண்ட் பளபளத்தது. ஏரிக்கரைச் சரிவில் பிரேக்கை மிதித்தால் பிடிக்கவே இல்லை. எதிரே பஸ். "ஸ்டியரிங்கை ஒடிங்க டாக்டரம்மா!" என்று பக்கத்தில் இருந்த கார்த் தரகர் அலறினார். உழுத காட்டுக்குள் இறக்கிவிட்டேன். அடி எதுவும் இல்லை, பயப்படாதீங்க.

"சின்ன ரிப்பேர்தாங்க" என்றார் தரகர். சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். பெயிண்ட் உதிர்ந்த இன்னொரு காரை அதே சரிவில் நாலு முறை நிறுத்திப் பார்த்து, இன்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வரும்போதும் ஏரிக்கரைச் சரிவை முதல் கியரில்தான் இறக்கினேன்.

பாப்பா போட்டோ ஒன்றும் டார்ச் லைட்டும் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டு வாங்களேன். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் தைரியமாக ஓட்டுவேன்.

தெடாவூரில் பிரசவமாம், ஆள் வந்து நிற்கிறார். காரை எடுக்கிறேன், மாமா.

வசந்தா