உலக சாம்பியன் பேனர்

ஞாயிறு இரவு.

ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் கபடி டீமுக்கு பேனர் வைத்திருக்கிறார்கள். 'உலக சாம்பியன்' என்று கொட்டை எழுத்தில். பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆடியது சுற்றுவட்டத்து எட்டு ஊர். இதில் உலகம் எங்கே வந்தது?

பேனர் அடித்த முருகேசனைக் கேட்டேன். "ஏலே, அமெரிக்காவுல நாட்டுக்குள்ளயே ஆடிட்டு உலக சாம்பியன்னு போட்டுக்கிறாய்ங்க. நம்ம போட்டா மட்டும் குத்தமா?" என்கிறான். யார் போட்டாலும் பொய் பொய்தானே!

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறு. இந்தப் போட்டியில் ஆட மண்டபம் முகாமிலிருந்து இலங்கை அகதிப் பையன்கள் ஒரு டீமாக வந்தார்கள். போன மாதம் பிராக்டிஸ் ஆட்டத்தில் எங்களைப் புரட்டி எடுத்தவர்கள். கூலிக்கு வெளியாளை இறக்கிவிடக் கூடாது என்று எல்லோரிடமும் வாக்காளர் அட்டை கேட்பது எங்கள் வழக்கம். அவர்களுக்கு ஏது அட்டை? பெயர் பதிகிற மேஜையில் இருந்த நான்தான் வெளிநாட்டு ஆட்கள் ஆட முடியாது என்று திருப்பி அனுப்பினேன்.

இன்று பெயின்ட் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற அவர்கள் கேப்டன், பேனரை நிதானமாக வாசித்தான். "வெளிநாடு எண்டு எங்களைத் திருப்பி விட்டியள். பிறகு ஆரை வெண்டு உலக சாம்பியன், அண்ணா?"

நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். அதில் கோப்பையோடு நிற்பவனும் நான்தான். அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறேன்.