வலிக்காத வீக்கம்

மச்சான்,

நடந்தது அத்தனையும் நான் அன்றைக்கே சொன்னதுதான். உன் கழுத்து, உன் இருமல், ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அவர்களில் ஒருத்தனுக்காவது தெரிந்ததா?

இன்று காலை அடுத்த வீட்டுச் சிறுமியின் தாடை இட்லி மாதிரி வீங்கியிருந்தது. பொன்னுக்கு வீங்கியாம். தங்கம் பட்டால் வற்றிவிடும் என்று அம்மாக்காரி தன் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் வீக்கத்தை அழுத்தினேன்.

"ஐயோ, வலிக்குது மாமா!"

"வலிக்குதா? ரொம்ப நல்லது!" என்றேன். அந்த அம்மாள் என்னை விளக்குமாற்றால் அடிக்காததுதான் குறை. அவளுக்கு என்ன தெரியும், வலிக்காத வீக்கத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று?

உன்னுடையது வலிக்கவே இல்லை. தீபாவளி முடிந்த வாரம், எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளிவிட்டு முகம் கழுவினாய். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. நான் ஒரே பார்வையில் "இது கண்டமாலைடா, காசத்தோட தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று போட்ட சத்தத்தில், புறப்பட்ட ரயில் நின்றே போனது. நீ சிரித்தாய். "வலிக்காத ஒண்ணுக்கு எதுக்கு மாப்ளே லீவு?" என்றாய்.

அதற்குள் நம் குடியிருப்பு வரிசையில் கடைசி வீட்டுக்காரன் வந்து சேர்ந்தான். பெரிய வைத்தியன் கணக்காகத் தலையை ஆட்டி, "பொன்னுக்கு வீங்கிதான், தங்கம் போடு" என்று தன் சங்கிலியை உன் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனான். முப்பது வயது ஆம்பளைக்கு, மாதக்கணக்கில் வற்றாத பொன்னுக்கு வீங்கி! அவன் நாக்கு புழுத்துப் போக!

மருந்துக்கடையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரசர் மட்டும் யோக்கியமா? ஒரு நாள் தொட்டுப் பார்த்தானா? குச்சியில் பஞ்சைச் சுற்றி, எட்ட நின்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அயோடின் பூசினான். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறதா, தூக்கத்தில் வேர்க்கிறதா, சோறு இறங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கிலியும் பூச்சுமாக நீ வேலைக்கு வந்தபோது ஷெட்டே கூடிவிட்டது. "என்ன மாப்பிள்ளை, கோலம் ரெடி, பொண்ணு எங்கே?" என்றார்கள். நீயும் மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினாய். பாவி.

தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். இடுப்பு வாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தாய். இருமல் வந்தது. கரித்தூள் என்றாய். கரித்தூள் என்றே நாங்களும் தலையாட்டினோம்.

கிள்ளானிலிருந்து உன் அக்கா வந்துதான் எல்லாம் விடிந்தது. வாசலில் வைத்தே உன் சங்கிலியை விலக்கிப் பார்த்தாள். ஒன்று நான்காகி, பாசி மணி கோத்தது போல வரிசையாக நின்றது. "இது என்னடா கழுத்து? கண்ணு அவிஞ்சா போச்சு எல்லாருக்கும்?" என்று கத்தி, உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே டாக்டர் இங்கிலீஷில் என்னவோ சொல்ல, பக்கத்தில் நின்ற நம்மாள் தமிழில் சொன்னார்: "கண்டமாலைம்மா. கழுத்தோட நின்னப்பவே வந்திருந்தா ஒரு வழி பாத்திருக்கலாம். இப்ப நெஞ்சுல இறங்கிடுச்சே."

"இந்தச் சங்கிலியை யாருடா போட்டது?" என்று அக்கா கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு கூரையைப் பார்த்தாய். நான்தான் கடைசி வீட்டுக்காரனைச் சொன்னேன். உன்னைப் பாடையில் எடுத்த அன்று அக்கா அதைக் கழற்றி என் கையில் வைத்து, "அவன் மூஞ்சியில விட்டெறி" என்றாள்.

இப்போதும் கிள்ளானுக்குப் போனால் எனக்குச் சோறு போட்டபடி அவனைச் சபிக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து சபிக்கிறேன். பாசாரில் காய்கறி வாங்கப் போனாலும் யார் கழுத்தைப் பார்த்தாலும் என் கை தானாக நீள்கிறது. பைத்தியம் என்கிறார்கள். சொல்லட்டும்.

சங்கிலியை இன்னும் யார் மூஞ்சியிலும் எறியவில்லை, மச்சான். நம் வரிசையின் கடைசி வீடு அந்த வருஷம் பூராவும் பூட்டித்தான் கிடந்தது. உனக்குத் தெரியும். அந்தச் சங்கிலி என்னுடையது. பொன்னுக்கு வீங்கி என்று சொன்ன வாயும் என்னுடையதுதான்.