நீங்கள் கேட்ட வெள்ளைப் பூ

சிஸ்டர்,

நேற்று உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் வந்தேன். இப்போது அது நீங்கள் பார்த்த சாலை இல்லை. நான்கு வழியாக்கி, நடுவில் நெடுக அரளி வைத்திருக்கிறார்கள். மழை விட்ட நேரம். வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கள் உதிர்ந்து தாரில் ஒட்டிக் கிடந்தன. நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண், "மயக்கமா வருதாம்மா?" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். வாங்கி முகர்ந்தேன். அரளிப் பூவுக்குப் பயந்து முகத்தை மூடுகிற கிழவி என்று தெரிந்திருந்தால் இடம் மாறி உட்கார்ந்திருப்பாள்.

கடல் தாண்டி எங்கள் மிஷனுக்கு நர்ஸாக வந்தபோது நீங்கள் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். உங்களுக்கு மலையில் துணை வேண்டும், பேச்சை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், சோறாக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். மூன்றுக்கும் சேர்த்து என்னை அனுப்பிவிட்டார்கள். கச்சிராயபாளையம் வரை பஸ், அதற்கு மேல் நடை. கல்வராயன் மலையில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகைதான் நமக்கு வீடு, ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமையில் ஆராதனைக்கூடம். சாமைச் சோறும் காரக்குழம்பும் உங்களை அழவைத்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வீர்கள். அந்த வீம்புக்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

விடிந்ததும் ஓடையில் துணி துவைத்துவிட்டு வந்து ஜெபத்துக்கு உட்காருவோம். நான் "எல்லோரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவேன். உங்களுக்கு அது ஆகாது. "எல்லோரும் என்றால் யாரும் இல்லை. பேரைச் சொல்லு, வேண்டியதைச் சொல்லு" என்பீர்கள். இன்ன குழந்தைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும், இன்னார் காலில் புண் ஆற வேண்டும் என்று நீங்கள் கேட்பது மளிகைக் கடையில் சாமான் சொல்வது போலிருக்கிறது என்று கேலி செய்திருக்கிறேன். ஆனால் காய்ச்சல் இறங்கியது, புண் ஆறியது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நானும் மெல்ல உங்கள் வழிக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பெண்ணின் குடிசைக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். தலைப்பிரசவம். வலி எடுத்து வெகுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. நீங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்றீர்கள். அவள் மாமியார் குடிசை வாசலை மறித்து நின்றாள்.

"சாமி உத்தரவு இல்லாம வயித்துப் புள்ளக்காரி மலைய வுட்டு எறங்கக் கூடாதுங்க. பூ கேட்டுட்டு வந்துடறோம்."

காளி கோயிலில் பூசாரி சாமிக் கல்லை நனைத்து, வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் ஒட்டவைத்தார். வெள்ளை முதலில் விழுந்தால் போகலாம். சிவப்பு விழுந்தால் போகக் கூடாது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போது கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று உங்களிடம் சீறினேன். "தூக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அவர்களோடு மண்ணில் உட்கார்ந்தீர்கள். கண்ணை மூடி முணுமுணுக்கத் தொடங்கினீர்கள்.

"இந்தம்மா இன்னா சொல்லிக்கினு இருக்காங்க?" என்று மாமியார் என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் உங்கள் அரைகுறைத் தமிழில் நீங்களே பதில் சொன்னீர்கள்.

"எங்க சாமிகிட்ட வெள்ளைப் பூ கேக்கிறேன்."

வெள்ளைப் பூ விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காளி கோயில் வாசலில் நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவள் உங்கள் கையைப் பிடித்திருந்தாள். இறங்க இறங்க அந்தப் பிடி தளர்ந்தது. கோமுகி அணையின் தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில் தூளியை இறக்கச் சொன்னீர்கள். நாடியைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு உங்கள் சேலைத் தலைப்பால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டீர்கள். வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போய்விட்டது.

வீட்டுக்கு வெளியில் உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். திரும்ப மேலே கொண்டுபோய்க் குடிசைக்கு வெளியே மரத்தடியில் கிடத்தினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவள் நனைந்துகொண்டு கிடந்தாள். நீங்களும் பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நம்மை அடிப்பார்கள் என்று நான் பயந்தேன். யாரும் கை ஓங்கவில்லை.

அடித்திருந்தால்கூடத் தேவலை. காரியமெல்லாம் முடிந்து, மழை பொய்த்துக் கிடந்த ஒரு நாள் அந்த மாமியார் முறத்தில் சாமையோடு நம் கொட்டகைக்கு வந்தாள்.

"எங்களுக்கு மழ கேட்டுக் குடும்மா. நீ இன்னா கேட்டாலும் ஒங்க சாமி அப்புடியே குடுக்குது. வெள்ளப்பூ கேட்ட, வெள்ளப்பூ வுழுந்துச்சி."

குத்திக் காட்டினாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நம்பிக்கையோடுதான் கேட்டாள். அவள் போனபின் நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அவள் சொல்வது சரி. பூவைத்தான் கேட்டேன். உயிரைக் கேட்கவில்லை."

"நீங்கள் நினைத்தது ஆண்டவருக்குத் தெரியாதா, சிஸ்டர்?" என்றேன்.

"தெரிந்துமா?" என்றீர்கள்.

அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. காணாமல் போன மாட்டுக்கும் பிள்ளையில்லாத வயிற்றுக்கும் உங்களைக் கேட்கச் சொல்லி வந்துகொண்டே இருந்தார்கள். நீங்கள் மருந்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். விடியற்காலையில் என் பக்கத்தில் உட்காருவீர்கள், ஆனால் வாய் திறப்பதில்லை. கீழேயிருந்து வந்த மிஷன் பெரியவர்கள், சிஸ்டருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? எந்தக் குடிசையில் வலி எடுத்தாலும் கூப்பிடுமுன் போய், பிள்ளை பிறந்து அழும்வரை எழுந்திருக்காமல் நீங்கள் உட்கார்ந்திருந்தது அதற்கப்புறம்தான். ஜெபம் செய்த சிஸ்டரைவிட வாயடைத்துப்போன சிஸ்டரிடம்தான் எனக்குப் பக்தி வந்தது. பயமும் வந்தது, மறைப்பானேன்.

நீங்கள் ஊர் திரும்பி, முதுமையில் கண்ணை மூடிய செய்தியை உங்கள் தங்கை மகள் எழுதியிருந்தாள். கடைசி நாட்களில் தமிழில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தீர்களாம். அங்கே யாருக்கும் புரியவில்லையாம். காதில் விழுந்தபடி அவள் எழுதியிருந்த அந்த ஒரு சொல், 'தெரிந்துமா', எனக்குப் புரிந்தது. புரியாமலிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது சபையில் என்னையும் ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்கள், வயதாகிவிட்டதால். போன வாரம் அடுத்த தெருப் பெண் நிறைமாத வயிற்றோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். அவள் அம்மா உயிரோடு இல்லை, புருஷன் வெளியூரில் வேலை. தலையில் கை வைத்தேன். சுகப்பிரசவம் என்று கேட்டால் பிள்ளையை விட்டுவிடுவேனோ, பிள்ளையைக் கேட்டால் தாயை விட்டுவிடுவேனோ என்று தோன்றிவிட்டது. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னா பெரிம்மா கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. வலி எடுத்தா ஆள் அனுப்பு. நான் வந்து கூட இருக்கேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவள் போனபின் ஒரு பையில் மாற்றுப் புடவையும் பிளாஸ்க்கும் எடுத்துக் கதவோரம் வைத்தேன். ராத்திரி வாசலில் நாய் குரைத்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, சிஸ்டர். ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுவேன்.