ஓலை கட்டிய கம்புகள்

சேசு மரி சூசை துணை

குருநகர்,
1937 செப்டெம்பர்

மன்னார் மீன்வாடியில் பாடுபடும் என் அன்புக்குரியவருக்கு யசிந்தா எழுதுவது. நானும் சின்னவளும் உடம்பால் சுகம். மற்றதெல்லாம் சுகமென்று எழுத எனக்குப் பொய் வரவில்லை.

உங்கள் தம்பி சூசைதாசனின் வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டு மற்றதைச் சொல்கிறேன்.

சாதாழைக் கடற்புல்லுக்குள் ஓரா மீன்குஞ்சு வளரட்டும், அங்கே எவரும் வலை போடக்கூடாது என்று கோயில் முற்றத்தில் எல்லாரையும் சம்மதிக்கவைத்து, சுற்றிவரக் கம்பு நட்டு ஓலை கட்டினீர்களே, அந்தக் கம்புகள்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தன. மீன் எங்கே நெருக்கமாகக் கிடக்கிறது என்று பட்டணத்து ஆட்கள் தேடவே தேவையில்லை. ஓலையைப் பார்த்து நேரே வந்தார்கள், வெடியைப் போட்டார்கள், பெரியதை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். விரல் நீளக் குஞ்சுகள் கரை முழுவதும் செத்து ஒதுங்கின. காகங்களாலும் தின்று முடிக்க இயலவில்லை. ஊர் அதிகாரி விதானையாரிடம் போய் முறையிட்டோம். பார்ப்போம் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தம்பிக்கு அன்றைக்கே மனம் விட்டுப்போயிற்று. பட்டினி கிடந்து நாங்கள் வளர்த்ததை ஆரோ அள்ளுறான் மச்சாள், மிச்சத்தை நான் அள்ளினால் என்ன என்று கேட்டான். வாயை மூடு என்று ஏசினேன். அவன் அவர்களிடமே வெடி வாங்கிக்கொண்டு எங்கள் தோணியில் கம்புக்குள் போயிருக்கிறான். எறிய முந்தி கையிலேயே வெடித்துவிட்டது.

கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. சட்டம் நீங்கள் வைத்ததுதானே: கம்புக்குள் போன தோணியைக் கரையில் கவிழ்த்துவிட வேண்டும், அடுத்த பெருநாள்வரை தொடக்கூடாது. நாலைந்து தோணி வைத்திருக்கும் சம்மாட்டி கனிசியஸ் இரக்கப்பட்டு, கையே போயிட்டுது, தோணியை விடுவம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அந்த அழுகைக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அப்போது செபநாயகம் எழுந்தார். போன வருடம் நீங்கள் முன்னின்று கவிழ்த்தது அவருடைய தோணியை. என்ரை பிள்ளையள் கஞ்சிக்கு அலைஞ்சதுகள், அப்ப கிறகோரி அண்ணைக்கு இரக்கம் வரேல்லை, இப்ப அவரின்ரை தோணிக்கு மட்டும் சட்டம் இல்லையோ என்று உங்கள் பேரைச் சொல்லியே கேட்டார்.

எங்கள் தோணியை விட்டால் விடிந்ததும் எல்லார் வலையும் கம்புக்குள்தான் விழும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் தெரியும். அதனால் நானே கரைக்குப் போய்த் தோணியில் கை வைத்தேன். செபநாயகத்தின் மனைவி கத்தரீனாதான் முதலில் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதோம். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள், கவிழ்த்தோம்.

அப்படிச் செய்தும் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் பட்டணத்து ஆட்கள் திரும்பவும் வந்து வெடி போட்டார்கள். அதைக் கண்டதும் எங்கள் ஆட்களும் வலையோடு இறங்கிவிட்டார்கள், கனிசியஸ் உட்பட. செபநாயகம் மட்டும் போகவில்லை. கம்புகளைப் பிடுங்கிவந்து அடுப்பெரிக்கிறார்கள். எனக்கும் ஒரு கட்டு கொண்டுவந்து தந்தார்கள், நான் வாங்கவில்லை. சட்டமே இல்லாத கரையில் எங்கள் தோணி ஒன்றுதான் கவிழ்ந்து கிடக்கிறது. நிமிர்த்து என்றும் ஒருவரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் செய்தது சரியா என்று கேட்கவும் எனக்கு ஆளில்லை.

தம்பி ஒவ்வொரு நாளும் தோணியைப் பற்றிக் கேட்கிறான். மிதக்கிறது என்கிறேன். அண்ணையின்ரை சாதாழை என்ன மாதிரி என்றும் கேட்கிறான். இருக்கிறது என்கிறேன்.

நீங்கள் வரும்போது கடலால் வரவேண்டாம், அந்த இடம்தான் முதலில் கண்ணில் படும், றெயிலில் வாருங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பாருங்கள். ஏசாதேயுங்கோ. அவன் கேட்டால் நான் சொன்னதையே சொல்லுங்கள். தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். தனியே மட்டும் போய்விடாதேயுங்கோ.

உங்கள்
யசிந்தா