அரை டம்ளர் ஸ்டவுட்

12.8.1958, செவ்வாய்

பிள்ளை பெற்ற உடம்பு தேற டாக்டர் ஸ்டவுட் பீர் எழுதிக்கொடுத்தார். மதுவிலக்கு என்பதால் இவர் அலைந்து பெர்மிட் வாங்கினார். தினம் அரை டம்ளர். முதல் நாள் குமட்டியது. பிறகு பிடித்துப்போனது. கருக வறுத்த காப்பிக்கொட்டை வாசம், அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகின் கசப்பு, விழுங்கியதும் நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு. பீரை ரசித்தால் என்ன நினைப்பாரோ என்று, இவர் எதிரில் மூக்கைப் பிடித்து முகம் சுளித்தே குடித்தேன்.

இன்று டம்ளரைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். வெறுங்கையோடு வந்தார்.

"நீ படுற பாட்ட பாக்க முடியல புள்ள. டாக்டர்கிட்ட கெஞ்சி மாத்திரையா மாத்தி எழுதி வாங்கிட்டேன். மிச்சத்த முருங்கைக்கு ஊத்திட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தலையைத் தடவிக்கொடுத்தார். இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?