மறுபடியும் கேட்காத கேள்வி

அன்புள்ள தங்கச்சிக்கு,

"டீச்சர், பூட்டான்ல ரெண்டு வருசம் பாடம் சொல்லிக் கொடுத்தீங்க. அவங்ககிட்ட நீங்க கத்துக்கிட்டது என்னா?" போன சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில், என்னைப் போல் வெளிநாட்டுத் தொண்டுக்குப் போய்த் திரும்பியவர்களின் கூட்டத்தில், ஒருவர் கேட்டார்.

தேநீர்க் கதையைச் சொன்னேன். அங்கே என் வீட்டுக்கு யார் வந்தாலும் டீ வேண்டுமா என்று கேட்பேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு வேண்டாம் என்பார்கள். நானும் விட்டுவிடுவேன். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு டெச்சென் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேடம், உங்க வீட்ல டீயே கிடைக்காதுன்னு ஊரே பேசுது. முதல்ல வேணாம்னு சொல்றது எங்க மரியாதை. நீங்க இன்னும் ரெண்டு தடவை கேட்கணும்."

மண்டபமே சிரித்தது. மீதியை நான் அங்கே சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரரின் காரியம் முடிந்த அன்று, "கிள்ளானுக்கு வந்து எங்கூட இரேன்" என்றேன். "வேணாங்க்கா" என்றாய். ஒரே முறைதான் கேட்டேன். அடுத்த மாதமே விமானம் ஏறிவிட்டேன். அப்படியும் வாரம் தவறாமல் போன் செய்து, நான் சாப்பிட்டேனா என்று நீதான் விசாரித்தாய். அதற்கு இப்போதுதான் நன்றி சொல்கிறேன். டெச்சென்னுக்கும்தான்.

முன்னறையில், ஜன்னலோரம் உன் தையல் மிஷினுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில் உன் வீட்டுக்கு வருகிறேன். வந்ததும் கேட்பேன். நீ வழக்கம்போல் வேண்டாம் என்றே சொல்லிப் பார்.

உன் அக்கா