நீலப் பையில் ஒரு பழம்

வேங்கிக்கால்,
3.5.2025, சனி

அன்பு செழியனுக்கு,

மன்னிக்கவும், மணி பன்னிரண்டரை ஆகிறது. கவியா தூங்கிய பிறகுதான் பெட்டி அடுக்க முடிந்தது. போனில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீங்கள் "சரி, வெக்கிறேன்" என்பீர்கள். அதனால்தான் மெயில்.

திங்கட்கிழமை காலை சுல்தானா அக்கா வந்து இவளை அழைத்துப்போகிறார். அவர் வீட்டுக்காரர் ஹபீப் அண்ணன் அங்கே உங்களோடு வேலை பார்ப்பவர் என்பதாலும், அக்காவின் பிள்ளைகளும் கூட வருவதாலும்தான் எட்டு வயசுப் பெண்ணை விமானத்தில் ஏற்றச் சம்மதித்தேன். நீங்கள் போட்ஸ்வானா போய் மூன்று வருடம் ஆகிறது, அப்பாவின் வீட்டை அவள் பார்க்கட்டும். ஆனால் காட்டுக்குள் நீங்களே வண்டி ஓட்டிப் போய், வண்டிக் கூரைமேல் கூடாரம் விரித்து, அதில் அவளைப் படுக்கவைப்பது எதற்கு? சுற்றி வேலிகூடக் கிடையாதாம். "காம்பவுண்டே இல்லம்மா, அதான் ஜாலி" என்று அக்கா சிரிக்கிறார். ரமணாசிரமத்து வாசலில் ஒரு குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கியதற்கே இவளுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்தது.

நானும் கூட வந்திருப்பேன். எங்கள் வங்கி மேனேஜர் அர்ஜுனன் சார் மே மாதம் லீவே கிடையாது என்றுவிட்டார், சொன்னேன் இல்லையா.

ஸ்வெட்டர் இரண்டு வைத்திருக்கிறேன். ராத்திரி பாத்ரூம் போக எழுப்பினால் தனியாக இறக்கிவிடாதீர்கள். நீலப் பையை அவளே வைத்துக்கொள்வாள், அதை நீங்கள் கிளற வேண்டாம். உள்ளே அவளுடைய கலர் பென்சில்தான்.

உங்கள் வேதா


காபரோன்,
9.5.2025, வெள்ளி

அன்புள்ள வேதாவுக்கு,

உன் பெண் சௌக்கியம். வந்த அன்றே வாடகை வண்டியின் ஏணியில் இருபது தடவை ஏறி இறங்கிவிட்டாள். கூடாரத்துக்கு "மாடி வீடு" என்று பெயர் வைத்திருக்கிறாள். இரண்டு வண்டியாகப் போகிறோம். ஒன்றில் ஹபீப் குடும்பம், ஒன்றில் நாங்கள் இருவர்.

உன் பயத்துக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். இருட்டிய பிறகு யாரும் கீழே இறங்கக் கூடாது, அதுதான் அங்கே முதல் சட்டம். அதனால் மூடி போட்ட ஒரு வாளி வாங்கிவிட்டேன். ஜிப்பை முழுக்க இழுத்து மூடிக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தால் சிங்கம்கூடக் கூடாரத்தை ஒரு பாறை மாதிரி நினைத்துத் தாண்டிப் போய்விடும் என்கிறார்கள். சமைத்த பாத்திரம், குப்பை எதுவும் வெளியே இருக்கக் கூடாது. முக்கியமாகப் பழம். ஆரஞ்சு, எலுமிச்சை ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது. யானைக்கு அந்த வாசனை என்றால் உயிர். ஒரு வண்டியின் கதவை அப்பளம் மாதிரி நொறுக்கி உள்ளே துழாவிய கதையை ஹபீப் சொன்னார். எங்கள் வண்டியில் பழமே இல்லை, நீ நிம்மதியாக இரு.

11ஆம் தேதி மவுன் ஊர் போய்ச் சேருவோம். 12 காலை காட்டுக்குள். அப்புறம் சிக்னல் கிடையாது. 16ஆம் தேதி மவுன் திரும்பியதும் எழுதுகிறேன்.

செழியன்


வேங்கிக்கால்,
12.5.2025, இரவு

அன்பு செழியனுக்கு,

இன்று சித்ரா பௌர்ணமி. எங்கள் தெரு வரைக்கும் வெளியூர் வண்டிகள் நிற்கின்றன, ஊரே மலை சுற்றப் போயிருக்கிறது. நான் சாயந்திரத்திலிருந்து உங்களுக்குப் பதினேழு தடவை போன் போட்டுவிட்டேன். சுல்தானா அக்காவுக்கும் போகவில்லை. இது எப்போது உங்கள் கைக்கு வரும் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

கவியாவின் நீலப் பையில், பென்சில் வைக்கும் ஜிப்புக்குள், ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. துர்க்கையம்மன் பாதத்தில் வைத்துக் கொடுத்தது. நம் கார் வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து ஏற்றினோமே, அந்த மாதிரி ஒரு காவலுக்குத்தான். "அப்பாகிட்ட சொல்லாதடி, கிண்டல் பண்ணுவார்" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை போனில், "நம்ம ஃபிரெண்டு பத்திரமா இருக்காரும்மா" என்றாளே, நீங்கள்கூட ஏதோ பொம்மை என்று சிரித்தீர்களே, அது இதுதான்.

உங்கள் மெயிலை வெள்ளிக்கிழமையே படித்துவிட்டேன். காய்ந்திருக்கும், வாசனை வராது, சாமி பழம்தானே என்று மூன்று நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். நிஜம் என்னவென்றால், நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்தேன். யானையைவிட அதற்குப் பயந்தேன்.

இதைப் பார்த்ததும் முதலில் அந்தப் பையைத் தேடுங்கள். எனக்கு அப்புறம் எழுதினால் போதும்.

வேதா


மவுன்,
16.5.2025

வேதா,

கவியா நன்றாக இருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுகிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மெயில் இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கும்போதுதான் வந்தது.

பதிமூன்றாம் தேதி இரவு வண்டி ஆடியது. வலைத்துணி வழியாகப் பார்த்தேன். நல்ல நிலா. ஒற்றை யானை, ஏணியின் பக்கத்திலேயே நிற்கிறது. தும்பிக்கை கவியா தலைமாட்டுப் பக்கம் கூடாரத் துணியைத் தடவியது. ஏன் அந்தப் பக்கமே வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அப்போது இவள் என் காதில் சொன்னாள்.

"அப்பா, கோச்சுக்கமாட்டியே?"

"இல்லடா, மெதுவா சொல்லு."

"எங்கிட்ட எலுமிச்சம்பழம் இருக்கு. சாமி பழம். சொல்லமாட்டேன்னு அம்மாகிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன்."

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்து ஜிப்பைக் கை போகிற அளவுக்குத் திறந்து அதை உருட்டிவிட்டேன். முன்பக்கக் கண்ணாடியில் பட்டு மணலில் விழுந்தது. யானை சுற்றிக்கொண்டு போய் எடுத்து மென்றது. பிறகு அரைமணி நேரம் வண்டியை மோந்துகொண்டே நின்றுவிட்டுப் போனது. ஏணி வளைந்துவிட்டது, வேறு சேதம் இல்லை.

காலையில் வனக் காவலரிடம் போய்ச் சொன்னேன். நுழைவாயிலில் பழம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது இல்லை என்று சொன்னவன் நான்தானே. ஒரு பழத்துக்கு ருசி கண்ட யானை அடுத்த வண்டியையும் உடைக்கும், கடைசியில் அதைச் சுட வேண்டிவரும் என்று திட்டினார். என் பழம் என்றேன். பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பழம் வைத்தாய் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. நுழைவாயிலில் அவர் கேட்டபோது இவள் என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. உனக்கும் எனக்கும் நடுவில் அவள் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? நான் சிரிப்பேன் என்பதுதான் உன் பயம் என்றால், அதில் என் தப்பும் இருக்கிறது. சிரித்திருப்பேன்.

அடுத்த வருடம் அவளை அனுப்ப வேண்டாம் என்று தோன்றினால் சொல்லிவிடு. நான் சண்டை போடமாட்டேன்.

செழியன்


வேங்கிக்கால்,
17.5.2025

அன்பு செழியனுக்கு,

திரும்பவும் லேட்டாகத்தான் எழுதுகிறேன். உங்கள் மெயிலை ஆறு தடவை படித்தேன். கவியா பத்திரம் என்ற வரியை மட்டும் அதற்கு மேல்.

நேற்று போனில் அவள், "அம்மா, ப்ராமிஸ உடைச்சிட்டேன், பரவாயில்லியா?" என்று கேட்டாள். நல்ல வேளை உடைச்சியேடி என்றேன். இனி நான் சொல்வது எதுவானாலும் அப்பாவிடம் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டேன். "அப்போ நீ ஏன் வரலைன்னும் சொல்லலாமா?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சொல்வதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்.

அர்ஜுனன் சார் லீவு தரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. நான் கேட்கவே இல்லை. ஏப்ரலில் அவராகத்தான் கேட்டார், "என்னம்மா, வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வர்றதுதானே? லீவு ஜாஸ்தி கிடக்குதே" என்று. வீட்டில் வேலை இருக்கிறது சார் என்றேன். அப்போது கவியா என் மேஜைக்குப் பக்கத்தில்தான் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

காட்டுக்குப் பயந்தேன் என்பது பாதிதான். வருடத்துக்குப் பதினைந்து நாள் வந்து போகிறவர் நீங்கள். உறவுக்காரர்கள், கோயில், டாக்டர் என்று அந்த நாட்கள் ஓடிவிடுகின்றன. பதினாறாவது நாள் உங்களோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பயந்துதான் அவளை மட்டும் அனுப்பினேன், அவள் கையில் ஒரு பழத்தையும் கொடுத்து.

பாஸ்போர்ட் காலாவதி ஆகி எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்று புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன். சிங்கம் கத்தினால் நானும் கத்துவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் என்னென்ன வைக்கிறேன் என்று முன்னாடியே பட்டியல் அனுப்பிவிடுவேன், நீங்கள் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த மாடி வீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்குமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வேதா